எழுபத்தெட்டுக்குக் கீழே

எடை பார்க்கும் மிஷின் நேர் எதிரே சுவரோரமாக இருந்தது. எட்டடி தூரம் இருக்கும். எழுந்துபோய், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் தீர்ந்தது, யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் தெய்வசிகாமணி எழுந்திருக்கவில்லை. டோக்கன் பதினாலு அவர் கையில் இருந்தது, சிஸ்டர் இப்போதுதான் ஆறைக் கூப்பிட்டிருந்தாள், முறைப்படி கூப்பிடும்போது ஏறினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முறை என்ற ஒன்று இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு கைகொடுக்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வராந்தா, பினாயில் நெடி, தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு காற்றே தராத ஒரு மின்விசிறி. இரண்டு மாடி மேலே அவருடைய அக்கா கோகிலா இடது கையை நீட்டிப் படுத்திருக்கிறாள். டயாலிசிஸ் மிஷின் அவள் ரத்தத்தை வாங்கி, சுத்தம் செய்து, திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. எட்டரைக்கு மாட்டினார்கள், பன்னிரண்டரைக்குத்தான் விடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படி, ஒன்றரை வருஷமாக. அந்த மிஷினிலிருந்து அவளை இறக்க வேண்டுமானால் இந்த மிஷினில் இவர் ஏறியாக வேண்டும். எழுபத்தெட்டு கிலோவுக்குக் கீழே காட்டினால் இவருடைய கிட்னி ஒன்று அவளுக்குப் போகும். மேலே காட்டினால் போகாது. விஷயம் அவ்வளவுதான், இதில் நெளிவு சுளிவு ஒன்றும் இல்லை. இருந்தும் அவருக்கு உள்ளங்கை வியர்த்து டோக்கன் அட்டை ஈரமாகிவிட்டிருந்தது.

ஆறாம் நம்பர்க்காரர் செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறினார். மூச்சை வேறு இழுத்துப் பிடித்துக்கொண்டார், மூச்சுக்கு எடை உண்டென்று அவருக்கு யார் சொன்னார்களோ. ஏழாம் நம்பர் அம்மாள் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து ஏறினாள். தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் தான் செய்துவிட்டு வந்திருக்கும் காரியங்கள் ஞாபகம் வந்தன. பேன்ட் கனம் என்று வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டார். முப்பது வருஷமாக இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைக் காலையில் கழற்றி பீரோவில் வைத்தார், அதுதான் உச்சம். வெள்ளி என்ன கனம் இருக்கும், நூறு கிராமா, நூற்றைம்பதா. புஷ்பலதா, அவர் மனைவி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளை இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஒரு கறுப்புக் கயிற்றைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் அவள் பயம் நேரானது, ஆபரேஷன் என்றால் யாருக்கும் வருகிற பயம். தன்னுடையதை அப்படிச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்தார். முடியாது. சிஸ்டர் எட்டைக் கூப்பிட்டாள், எட்டாம் நம்பர் ஆளைக் காணவில்லை, டீ குடிக்கப் போயிருப்பார், ஒன்பது எழுந்தார். ஒரு நம்பர் சீக்கிரம் வந்துவிட்டதே என்று டோக்கனைத் திருப்பிப் பார்த்தார்.

டிசம்பர் கடைசி வாரம் இதே வராந்தாவில்தான் டாக்டரம்மா சொன்னார். ரத்தம் சேர்கிறது, மற்றதெல்லாம் சேர்கிறது, ஆனால் எண்பத்து நாலு கிலோ. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. "ஆறு கிலோ குறைச்சுட்டு மார்ச் மொத வாரம் வாங்க. எழுபத்தெட்டுக்குக் கீழ வந்தாத்தான் மேற்கொண்டு பேசலாம். உங்களுக்கும் நல்லதுதானே." நல்லதுதான். கும்பகோணத்தில் பட்டுப் புடவைக் கடை மெத்தையில் இருபத்தாறு வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்த உடம்பு அது. கைதான் வேலை செய்யும், பிரிக்கும், உதறும், மடிக்கும். கால் என்று ஒன்று இருப்பதே கடை சாத்தும்போது மரத்துப்போய் ஞாபகப்படுத்தினால்தான் உண்டு. ஊரெல்லாம் புத்தாண்டுக்கு என்னென்னவோ சபதம் எடுக்கிறது, இவரும் ஜனவரி ஒன்றாம் தேதி சபதம் எடுத்தார். புஷ்பலதா சார்ட் அட்டையில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நடை, கஞ்சி, சர்க்கரை இல்லாத காபி, எடை என்று நாலு பத்தி. எடை என்ற பத்தியின் கீழே கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுபத்தேழு என்று முன்கூட்டியே எழுதிவைத்தாள். கடையில் யாருக்கும் விஷயம் தெரியாது. முதலாளி, "என்ன சிகாமணி, ஷூவெல்லாம் வாங்கினீராமே" என்று கேட்டதற்கு, வயசாச்சு முதலாளி, உடம்பைப் பார்த்துக்கணும் என்று சொல்லிவைத்தார். உடம்பைப் பார்த்துக்கொள்வது. தனக்கே தனக்கென்று பார்த்துக்கொண்டால் எவ்வளவு சுகமான காரியமாக இருந்திருக்கும் அது.

ஆனால் ஒரு விஷயத்தை அவரும் யோசிக்கவில்லை, புஷ்பலதாவும் யோசிக்கவில்லை. ஜனவரி ஒன்று என்பது மார்கழியின் நடுவில் வருகிறது. வேறு எந்த ஊரில் யார் விடிகாலையில் எழுந்து நடந்தாலும் பனியும் நாயும்தான் எதிர்ப்படும். கும்பகோணத்தில் மார்கழியில் நடந்தால் பொங்கல் எதிர்ப்படும். முதல் நாள் ஐந்து மணிக்குக் கிளம்பி, புது ஷூ கறக் கறக்கென்று சத்தம் போட, வீட்டுத் தெருவிலிருந்து பெருமாள் கோயில் சந்நிதித் தெருவுக்குத் திரும்பினார். கோயில் வாசலில் பட்டர் பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தொன்னையில் வெண்பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஷூவோடு நின்றவரைப் பார்த்து, "கழட்டிட்டு வாங்கோ, சூடா இருக்கு" என்றார். பிரசாதம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அதுவும் அக்காவுக்காக ஒரு காரியம் ஆரம்பிக்கிற நாளில். வாங்கினார். மிளகும் இஞ்சியும் நெய்யில் பொரிந்த முந்திரியுமாக, தொன்னையின் அடியில் நெய் ஊறி உள்ளங்கைக்கு இறங்கிற்று. அப்புறம் சிவன் கோயில், அங்கே கொஞ்சம் கெட்டியாகப் பண்ணுவார்கள். திரும்பும் வழியில் பிள்ளையார் கோயில், அது சின்னக் கோயில், சின்ன அண்டா, ஆனால் தெரிந்தவர்கள், இரண்டு கரண்டி போடுவார்கள். இப்படியாகக் கொழுப்பைக் குறைக்கக் கிளம்பினவர் கோயிலுக்குக் கோயில் நெய்யை ஏற்றிக்கொண்டு ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து, நல்ல பிள்ளையாகக் கொள்ளுக் கஞ்சியைக் குடித்தார். புஷ்பலதா கட்டத்தில் டிக் அடித்தாள். பதினாலு நாள் இதே கதை. கூடாரவல்லி அன்றைக்கு அக்காரவடிசில், அதைச் சொல்லவே வேண்டாம். "எங்க வீட்டுக்காரர் காலையில வெறும் கஞ்சிதான்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. அன்றைக்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போகி அன்று காலை மருந்துக்கடை மிஷினில் ஏற்றிப் பார்த்தாள். எண்பத்தைந்து முந்நூறு. சிவப்பு எண் சிமிட்டிச் சிமிட்டி நின்றது. புஷ்பலதா குனிந்து பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், திரும்பக் குனிந்து பார்த்தாள். "கஞ்சியிலயுமா கனம் ஏறும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள், அவருக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், அவள் குனிந்து நிமிர்வதற்குள், ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தைத்தான் தெய்வசிகாமணி இந்த ஐம்பது நாளாகச் சுமந்துகொண்டு அலைகிறார். எண்பத்தைந்து முந்நூறு என்று கண்ணில் பட்டதும் அவருக்குள் முதலில் வந்தது வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. அப்பாடா என்று வந்தது. தலையில் இருந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி, தோள் இரண்டும் தளர்ந்து, மூச்சு ஒன்று நீளமாக, அப்பாடா. பிறகுதான் வெட்கமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதலில் வந்ததைத் துரத்தப் பார்த்தார், அது போகவில்லை. சாப்பிடும்போது வந்தது. புடவை உதறும்போது வந்தது. அக்கா போனில், "பொங்கல் பொங்கிடுச்சாடா" என்று கேட்டபோது அவர் பதில் சொல்லத் திணறியது அதனால்தான்.

பதினொன்று போயாயிற்று. எட்டாம் நம்பர்க்காரர் டீ குடித்துவிட்டு வந்து சிஸ்டரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார், நல்லது, வாதாடட்டும். கடைக்கு வருகிற பெண்களில் ஒரு ரகம் உண்டு. நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வாடாமல்லிக்கும் கத்தரிப்பூவுக்கும் நடுவில் ஒரு கலர் வேண்டும் என்பார்கள். அந்தக் கலர் உலகத்தில் எந்தத் தறியிலும் கிடையாது. தெய்வசிகாமணி அப்போதே மடிக்க ஆரம்பித்துவிடுவார், இவர்கள் வாங்க வரவில்லை, வாங்காமல் போவதற்கு ஒரு காரணம் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊரார் மனசு இருபத்தாறு வருஷமாக அவருக்கு மடிப்புக் கலையாமல் தெரிந்திருக்கிறது. தன் மனசு மட்டும் தொன்னையைக் கையில் ஏந்தி நின்றபோது ஏன் தெரியாமல் போயிற்று. பிரசாதத்தை மறுக்கலாமா என்று கேட்டுக்கொண்டாரே, அது அவருடைய வாடாமல்லிக்கும் கத்தரிப்பூவுக்கும் நடுவில் உள்ள கலரா. எடை குறையவில்லை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்வது அக்கா, என்னால் ஆனதைப் பார்த்தேன், சார்ட்டைப் பார், தினமும் டிக் அடித்திருக்கிறது. இப்படிச் சொல்ல வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல முடியாது. பெருமாளே வந்து சாட்சி சொல்வார், இவன் என்னிடம்தான் தினமும் வந்தான் என்று.

பயம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பதிமூன்று வயதில், அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் கையில் கொடுத்து, "புடிச்சுக்கடா, வந்துடறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது. இவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு அந்த ஆடுகிற கதவுதான். இப்போதெல்லாம் அப்படி இல்லை சார், கொடுத்தவங்க நாலு நாளில் எழுந்து நடக்கிறாங்க என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார், அவரும் தலையாட்டினார். தலை ஆடியது, வயிறு ஆடவில்லை, அது அந்தப் பதிமூன்று வயதிலேயே நின்றுகொண்டிருந்தது. இதைப் புஷ்பலதாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள், வேண்டாங்க, விட்டுடுங்க என்று சொல்லிவிடுவாளோ என்று சொல்லவில்லை. இல்லை, அவள் அப்படிச் சொல்ல மாட்டாள், அதனால்தான் சொல்லவில்லையோ. பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே முட்டுச்சந்து. பன்னிரண்டு.

அக்கா கேட்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அவள் எதையும் கேட்கிற ஜாதி இல்லை. அத்தான் பரிசோதனை செய்துகொண்டார், ரத்தம் சேரவில்லை. மகன் தரேன் என்றான், "பெத்த புள்ளைகிட்ட வாங்கிட்டு நான் இருக்கணுமா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பிறகு இவர்தான் ஒருநாள், வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "நான் பார்க்கட்டுமாக்கா" என்றார். ஏன் சொன்னோம் என்று அன்றைக்கும் தெரியவில்லை. அவள் மிக்சி சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, மிக்சியை நிறுத்திய பிறகு, "என்ன சொன்னே" என்றாள். திரும்பச் சொன்னார். அவ்வளவு சாதுவான அக்காவும் இல்லை அவள். அவளுடைய மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், இவர் கடையில் முகூர்த்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனார், அதற்குள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். பந்தலில் எல்லார் எதிரிலும், "உன் மடியை நம்பியிருந்தா என் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிருக்கும்" என்றாள். மூன்று வருஷம் பேசவில்லை. நான் நேரத்துக்கு வரமாட்டேன் என்று அவளுக்கு அப்போதே தெரியும் போலிருக்கிறது என்று இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "குறையலேன்னா குறையலேடா, நான் பாட்டுக்கு வந்துட்டுப் போறேன், பழகிடுச்சு" என்றாள். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. பழகிவிட்டதாம்.

போகிக்கு மறுநாளிலிருந்து வழியை மாற்றிக்கொண்டார். தை பிறந்தும் அந்தப் பக்கம் போகவில்லை, மகாமகக் குளத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நாலு கரை, ஒரு சுற்று, இரண்டு சுற்று, எட்டுச் சுற்று. துரத்துகிற ஆள் யாரென்று தெரிந்து ஓடுகிறவன் நடை அது. அந்த அப்பாடா பின்னால் வந்துகொண்டே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரியும், முட்டி இரண்டும் முனகும், நிற்க மாட்டார். வீட்டில் ராத்திரிச் சோற்றை விட்டார். கடையில் நாலு மணி வடையை விட்டார், பக்கத்து மெத்தைக்காரர்களுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். சட்டைக் காலர் தொளதொளவென்று ஆயிற்று. தெருவில் பார்க்கிறவர்கள் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். "என்ன சார், பாதியா ஆயிட்டீங்க, சுகரா?" ஒருவராவது உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே. இந்த ஊரில் இளைத்தவனுக்கு ஒன்று சர்க்கரை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெண் கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும். ஆமாம், லேசா இருக்கு என்று சொல்லிவிட்டு நடந்தார். எண்பத்து நாலு, எண்பத்திரண்டு, எண்பது. பத்து நாள் முன்னால் எழுபத்தொன்பது நூறு. அன்றோடு எடை பார்ப்பதை நிறுத்திவிட்டார். புஷ்பலதா கூப்பிட்டாள், ஒரேடியாக ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எழுபத்தெட்டு நெருங்க நெருங்கக் கால் பின்னுக்கு இழுத்தது. அதற்கு மேல் போன ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக் கல்யாணம். இலையில் பால் பாயசம் ஊற்றினார்கள், வேண்டாம் என்று கையை நீட்டினார், நீட்டின கையைத் தாண்டி ஊற்றினான் பரிமாறுகிறவன். வழித்துக் குடித்தார். ஊற்றிவிட்டதை என்ன செய்வது. இரண்டாம் தடவை அவன் வந்தபோது கையை நீட்டவில்லை. அங்கேதான் இடறுகிறது. முதல் தடவைக்குப் பரிமாறுகிறவன் பொறுப்பு, இரண்டாம் தடவைக்கு யார் பொறுப்பு. ஒரு பாயசம் என்ன காட்டும், முந்நூறா, ஐந்நூறா. இன்றைக்கு எழுபத்தெட்டு இருநூறு என்று வந்துவிட்டால் அது பாயசம்தான். அப்படி வந்து, மறுபடியும் உள்ளே அந்த அப்பாடா வந்துவிட்டால். எடையைப் பற்றி அவருக்குப் பயம் இல்லை, எண்ணைப் பார்த்ததும் தனக்குள் என்ன வருமோ என்றுதான் பயம். அது ஒரு தடவை வந்தால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவையும் வந்தால் அதுதான் தெய்வசிகாமணி. அப்புறம் மாடிப்படி ஏறி அக்கா முகத்தைப் பார்ப்பது எப்படி.

"பதினாலு. தெய்வசிகாமணி." பதின்மூன்று எப்போது போயிற்று என்று தெரியவில்லை. எழுந்தார். எட்டடி. செருப்பைக் கழற்றினார், ஒன்று கவிழ்ந்து விழுந்தது, குனிந்து நிமிர்த்தி வைத்தார், அதற்கொரு கணம் கிடைத்தது. தகடு குளிர்ந்து இருந்தது. சட்டைப் பையில் டோக்கன் இருப்பது ஞாபகம் வந்து எடுத்துச் சிஸ்டரிடம் நீட்டினார். "அட்டைக்கு எடையா சார், நேரா நில்லுங்க" என்றாள் அவள். நேராக நின்றார். எதிரே சுவரில் ஒரு பல்லி. எண்ணைப் பார்க்கக் கூடாது, அவள் சொல்லட்டும், பல்லியைப் பார்த்தார். "எழுபத்தேழு புள்ளி ஆறு" என்றாள், சொல்லிக்கொண்டே எழுதினாள், பதினைந்து என்று கூப்பிடக் கழுத்தைத் திருப்பினாள்.

"சிஸ்டர், இன்னொரு தடவை பார்த்துக்கட்டுமா."

"ஏன் சார், கம்மியாவா இருக்கு?"

"இல்ல. சும்மா."

இறங்கி, ஏறினார். இந்தத் தடவை எண்ணையே பார்த்தார். ஓடி, தயங்கி, எழுபத்தேழு ஆறில் நின்றது. உள்ளே என்ன வருகிறதென்று காத்திருந்தார். முதலில் அப்பாவைக் கொண்டுபோன அந்தக் கதவு ஒரு ஆட்டம் ஆடியது, சரி, அது வரட்டும், அது எப்போதும் வருவதுதான். பிறகு, அவர் தேடாமலே, மூச்சு ஒன்று நீளமாகக் கிளம்பி வந்தது. அப்பாடா. அவருக்கே நம்பிக்கை இல்லாமல் திரும்பத் தடவிப் பார்த்தார், அதேதான். போகி அன்று வந்ததைவிடப் பெரியது. மனசு பாட்டுக்கு என்னவோ வேண்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, கால் பாட்டுக்குக் குளத்தைச் சுற்றியிருக்கிறது. இதில் எது நான் என்று கேட்டுக் கேட்டுத்தானே ஐம்பது நாள் போயிற்று. இரண்டும்தான் என்றால் இரண்டும்தான், நடந்து முடித்தது என்னவோ கால். "சார், இறங்குங்க" என்றாள் சிஸ்டர். இறங்கினார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் தெரிந்தது, சரியாக மாட்டிக்கொண்டார். வராந்தாவில் இருந்த எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள், எட்டாம் நம்பர் உட்பட.

லிஃப்டுக்கு நிற்கவில்லை, இரண்டு மாடியும் படியேறினார், மூச்சு வாங்கவில்லை. மேலே ஏழெட்டுக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மிஷின். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், இவர் பக்கத்தில் போய் நின்றதும் திறந்தாள்.

"என்னடா?"

"எழுபத்தேழு அறுநூறு."

அவள் கூரையைப் பார்த்தாள். கண்ணோரத்தில் நீர் தேங்கி, காதுப் பக்கமாக இறங்கியது. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது, அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"சிகாமணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே."

"சொல்லு."

"குறையக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்டா. இங்க வந்து படுக்கிறப்பெல்லாம் அதேதான். அப்பாவை அனுப்பிட்டு நாம நின்னோம்ல, அதே மாதிரி புஷ்பலதாவை நிக்க வெச்சுட்டு, அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன். உனக்குக் குறையலேன்னா யார் மேலயும் தப்பில்லாம முடிஞ்சு போயிடும்னு. நீ தெருத்தெருவா நடக்கிறே, நான் இங்க படுத்துக்கிட்டு இப்படி."

அவள் வெட்கப்பட்டு அவர் பார்த்ததில்லை. ஐம்பது நாளாகப் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது அவரைக் கேட்காமலே வெளியே வந்தது.

"நானுந்தான்க்கா."

"என்ன நீயுந்தான்?"

"நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டேன். மார்கழி பூரா மூணு கோயில்லயும் பொங்கல் வாங்கித் தின்னேன். போகி அன்னிக்கு ஒரு கிலோவுக்கு மேல ஏறியிருந்துது. அப்பாடான்னு இருந்துச்சு."

அக்கா அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார், திட்டினால் நல்லது என்றும் நினைத்தார். அவளுக்கு முதலில் வயிறுதான் குலுங்கியது. அப்புறம் தோள். "மூணு கோயில்லயுமா" என்றாள், அதற்கு மேல் பேச முடியவில்லை, சத்தம் வராமல் சிரித்தாள், கண்ணில் நீர் நின்றபடியே. அவருக்கும் தொற்றிக்கொண்டது. ஊசி குத்தியிருந்த கை ஆடி, பக்கத்திலிருந்த மிஷின் கீக் கீக்கென்று கத்த ஆரம்பித்தது. அந்த அறை சிஸ்டர் ஓடி வந்து எதையோ அழுத்தி அதை அடக்கினாள். "அம்மா, கை ஆடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது. சார், நீங்க சிரிக்க வைக்கிறதா இருந்தா வெளியில போங்க."

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் இடது கையை முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டார். புடைத்த நரம்புக்குள் ரத்தம் விர்ரென்று ஓடுவது அவர் விரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள், பார்த்தால் மறுபடி சிரிப்பு வந்துவிடும்.

"அப்புறம் ஏன்டா குறைச்சே?" என்றாள் அக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் யோசித்தார். யோசிக்க அதிகம் இல்லை.

"நீ இருக்கணும்ல."

அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மறுபடி நடுங்கியது, இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"சரி" என்றாள். "கெட்டியாப் புடிச்சுக்க."